கடைசி சைக்கிள்

இரவு முழுவதும் சைக்கிள் மிதித்துப் போய் விடிகிற நேரத்தில் கடலைப் பார்ப்பது என்ற காரியத்தில் இலக்கியம் ஒன்றும் இல்லை. இருப்பதாக ஒரு காலத்தில் நான் எழுதியிருக்கிறேன். சிறு பத்திரிகை ஒன்றில், ஏழு பக்கம். அந்தப் பத்திரிகை நின்று நாற்பது வருஷம் ஆகப்போகிறது. படித்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். அவர்களில் ஞாபகம் வைத்திருப்பவர் என்னைத் தவிர யாரும் இருக்க நியாயமில்லை. இருந்தாலும் அதில் ஒரு வாக்கியம் பொய். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை, அல்லது தோன்றியபோதெல்லாம் ஒத்திப்போட்டேன். இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகள்.

அவள் மதுரையில் ஒரு சைக்கிள் குழுவில் இருக்கிறாள். கியர் சைக்கிள், தலைக்கவசம், வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டை. பிரெஞ்சுக்காரர்கள் ஏற்படுத்திய ‘பிரெவே’ என்ற ஒரு முறை இன்று நம் ஊர்களிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள், 300ஐ இருபது மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். அவள் இரண்டையும் முடித்தவள். இது அந்தக் கணக்கில் சேராத பிரயாணம். எட்டுப் பேராக ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பி ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிக்குப் போகிறார்கள். எட்டில் மூன்று பேர் புதியவர்கள்.

“மாமா, நீங்க அந்தக் காலத்துலயே போயிருக்கீங்கல்ல. ஒரு பிளான் எழுதிக் குடுங்க.”

‘அந்தக் காலத்துலயே’ என்ற சொல்லில் இருந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

நான் போட்ட முதல் திட்டம் 1985 தை அமாவாசைக்கு. ராமேஸ்வரத்துக்கு அன்று சைக்கிளிலேயே போய்ச் சேர வழி கிடையாது. பாம்பனில் ரயில் பாலம் 1914இலிருந்து இருந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தார்கள். மண்டபத்தில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக் கடல் தாண்டுவது எங்கள் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ராமநாதபுரம் வரை போய், அங்கே வடக்கே திரும்பித் தேவிபட்டினம். மதுரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிற ஊர். நவபாஷாணம் என்பார்கள். ராமன் பிரதிஷ்டை செய்த நவக்கிரகங்கள் என்பது ஐதீகம். பிதுர்க்கடன் கழிக்க ஜனங்கள் வருவார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அதிகம்.

எங்களில் யாருக்கும் பிதுர்க்கடனில் நம்பிக்கை இல்லை. நாங்கள் ஐந்து பேர். ஒரு வங்கி குமாஸ்தா, ஒரு தமிழாசிரியர், எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்த ஒருவன், அப்பாவின் இரும்புக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன், தபால் பிரிக்கும் உத்தியோகத்தில் நான். எல்லோரும் முப்பதுக்குக் கீழே. எல்லோரும் கவிதை எழுதினோம். சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். அதன் மூன்றாவது இதழிலோ நான்காவதிலோ அந்நியமாதல் பற்றி நீண்ட விவாதம் ஒன்று நடந்தது. நானும் கலந்துகொண்டேன். காரசாரமாகத்தான்.

ஆறாவது ஆள் எங்கள் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தவர். மேலமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் அச்சகம். ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் அண்ணே என்போம். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கருமாதிப் பத்திரிகைகளுக்கும் நடுவே எங்கள் கவிதைகளைக் கோத்துக் கொடுப்பார். வரிகளை ஏன் இப்படி உடைக்கிறீர்கள் என்று அவர் கேட்டதே கிடையாது. உடைத்த இடத்தில் சரியாக உடைப்பார். நாங்கள் சைக்கிளில் தேவிபட்டினம் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த எழுத்தைக் கீழே வைக்காமல் கேட்டார்: “தம்பி, தை அமாவாசைக்குப் போற மாதிரி வச்சுக்கிட்டா நானும் வரட்டா? அப்பாவுக்குக் குடுக்காம நாலு வருஷமாச்சு.”

நாங்கள் பௌர்ணமியில் போவதாக இருந்தோம். இரவில் கூட்டமாகப் போகிறவர்களுக்குப் பௌர்ணமிதான் சரி. லண்டனிலிருந்து டன்விச் என்ற கடற்கரைக்கு 1990களின் தொடக்கத்திலிருந்து ஜூலைப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவில் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். சுமார் 180 கிலோமீட்டர். பரிசு இல்லை, முதலில் வந்தவன் யார் என்ற கணக்கும் இல்லை. (டன்விச்சும் ஒரு தனுஷ்கோடிதான். இடைக்காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போன ஊர். நம்முடையது 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் போயிற்று. கடல் விழுங்கிய ஊரைத் தேடி ராத்திரியில் சைக்கிளில் போகவேண்டும் என்று இரண்டு தேசத்துக்காரர்களுக்கும் எப்படித் தோன்றியதோ.) பௌர்ணமியை விட்டுவிட்டு அமாவாசைக்கு மாற்றிக்கொண்டது அண்ணனுக்காக. அந்த ஒரு விட்டுக்கொடுத்தலுக்குப் பிறகு அவரைப் பற்றி நாங்கள் யோசிக்கவேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

திட்டம் போட்டது நான். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கர்வம் உண்டு, காகிதத்தில் அது நல்ல திட்டம். கணக்கைச் சொல்கிறேன். அன்றைய சாதாரண சைக்கிளில் முன் பல்சக்கரம் 44, பின்னது 18 பல் என்றால், பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போக நிமிஷத்துக்கு 46 சுற்று. நடந்து பழகிய கால் முனகாமல் ஒப்புக்கொள்ளும் தாளம் அது. 130 கிலோமீட்டருக்கு எட்டே முக்கால் மணி நேரம். நிறுத்தங்களுக்கு ஒரு மணி பத்து நிமிஷம். மாலை ஏழரைக்குத் தெப்பக்குளத்தில் கிளம்பினால் விடிவதற்குச் சற்று முன் ஐந்தரைக்குக் கடல். மதுரை கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. பாதை வைகையோடு சேர்ந்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இறக்கம், ஆனால் காலுக்குத் தெரியும்.

காற்றையும் யோசித்திருந்தேன். ஆடியில் போனால் மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், திரும்பி வருவதுதான் பிராணாவஸ்தை. தையில் வாடை. மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை தென்கிழக்கே போகிறோம், வாடை இடது தோளில் படும், பாதகமில்லை. ராமநாதபுரத்தில் வடக்கே திரும்பியதும் கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் நேராக முகத்தில். களைத்த கால், விடியற்காலைத் தூக்கம், எதிர்காற்று மூன்றும் ஒரே மணி நேரத்தில் சேரும். ஆகவே முதல் நூறு கிலோமீட்டரில் எவ்வளவு சேமிக்கிறோம் என்பதே பிரயாணம் என்று காகிதத்தில் அடிக்கோடிட்டு எழுதினேன். கார்பன் வைத்து ஆறு பிரதி. அழுத்தி எழுதியும் கடைசிப் பிரதி மங்கிவிட்டது. அது அண்ணனுக்குப் போயிற்று. அச்சகத்தில் இதைவிட மோசமான கையெழுத்துகளைப் பார்த்தவர் அல்லவா என்று யாரோ சொன்னார்கள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ராத்திரியில் கூட்டமாகப் போவதில் முதல் இருபது கிலோமீட்டர்தான் ஆபத்தானது. கால் புதிது. சாப்பிட்ட தெம்பு. பேச்சு, சிரிப்பு, ஊரைத் தாண்டியதும் வருகிற குளிர்ந்த காற்று. பதினைந்தில் போகவேண்டியவன் இருபதில் போகிறான், போவது தெரியாமல் போகிறான். சிற்றேடு நடத்தியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முதல் இதழ் தொண்ணூறு பக்கம் வரும், அட்டையில் மரச்செதுக்கு ஓவியம் இருக்கும், இரண்டு மொழிபெயர்ப்பு நாடகம் இருக்கும். நான்காவது இதழில் சந்தாதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும். திருப்புவனத்துக்கு எட்டு ஐம்பது என்று எழுதியிருந்தேன். எட்டரைக்கே போய்விட்டோம். மானாமதுரைக்கு நாற்பது நிமிஷம் முன்னதாக. அங்கே புரோட்டாக் கடையில் இருபது நிமிஷம் என்று எழுதியதை ஐம்பது நிமிஷமாக்கினோம். முன்னால் ஓடிச் சேர்த்ததை உட்கார்ந்து தின்றோம். அது இரட்டைத் தவறு. நிறைந்த வயிறும் ஆறிப்போன முழங்காலும் மறுபடி சைக்கிளில் ஏறும்போது முதல் ஐந்து கிலோமீட்டர் யாரோ ஒருவருடைய காலை மிதிப்பதுபோல இருக்கும். ராத்திரியில் அடிக்கடி கொஞ்சமாகத் தின்னவேண்டும். கடலைமிட்டாய், வாழைப்பழம், பொட்டலத்தில் புளியோதரை. நிற்கிற இடத்தில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக்கூடாது. பனியும் அப்படி. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. தலையில் துண்டு கட்டாதவனுக்குப் பரமக்குடிக்கு முன்பே மண்டை கனத்துவிடும்.

அண்ணன் மானாமதுரைக்கு நாங்கள் புரோட்டாவுக்குச் சொல்லி, வந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தார். மணி பத்து ஐம்பது. சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டார். அவர் முகத்தில் திருப்தி இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் என்ன திருப்தி என்று யோசிக்கவில்லை.

இங்கே டைனமோவைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பின்சக்கரத்தின் பக்கவாட்டில் உரசிச் சுற்றுகிற ஒரு சிறிய குப்பி, அதிலிருந்து கம்பி, முன்னால் விளக்கு. லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்திச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயத்தில் பிறந்த பண்பாடு அது. டைனமோவை மடக்கி உரசவிட்டதும் வண்டி கனக்கும். வேகமாக மிதித்தால் வெளிச்சம் பளீரென்று எரியும், மெதுவாக மிதித்தால் மஞ்சளாகச் சோரும். நின்றால் அணைந்துவிடும். அதாவது கூட்டத்தில் யார் பலசாலியோ அவனுக்குப் பாதை நன்றாகத் தெரியும். யார் களைத்தவனோ அவனுக்கு வெளிச்சம் குறைவு. எவன் ஏதோ ஒரு தொந்தரவில் நின்றுபோனானோ அவன் மற்றவர்கள் கண்ணுக்கே இல்லாமல் போவான். இப்படி ஒரு சாதனத்தை வைத்துக்கொண்டு கூட்டமாகப் போக நினைத்தால் திட்டத்தில் முதல் வரியாக எதை எழுதவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நான் முன்னால் போனேன். திட்டம் போட்டவன் என்ற உரிமை. அரை மணிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்து எண்ணுவேன். ஐந்து விளக்கு.

பரமக்குடிக்கு நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்குப் போனோம். டீ குடித்தோம். அண்ணன் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிட்டோம். அவர் ஒரு டம்ளர் டீயைப் பாதிதான் குடித்திருந்தார். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, எங்கோ கரிமூட்டம் போடுகிற வாசனை, அவ்வப்போது கண்மாய்க்கரை. இரவு இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பு தன் வசத்தில் இருக்காது. கண் திறந்தே தூங்கும். அந்த நேரத்தில் விழித்திருக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே உபாயம் வேகம். ஒருவரை ஒருவர் முந்தினோம். இரும்புக்கடைக்காரன் பாட்டு. எம்.ஃபில்.காரன் பதிலுக்குப் பாட்டு. சத்திரக்குடிக்கு முன்பு ஓரிடத்தில் திரும்பிப் பார்த்து எண்ணினேன். நான்கு விளக்கு அருகில். தூரத்தில், வெகுதூரத்தில், ஒரு வெளிச்சம். ஐந்து என்று எண்ணிக்கொண்டேன்.

அது சைக்கிள் விளக்கில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். சைக்கிள் விளக்கு ஆடும். மிதிக்கு மிதி லேசாகக் கூடிக் குறையும். இது அசையாமல் நின்றது. ஏதோ கடையில் தொங்கிய விளக்கு, அல்லது சாலையோரம் நிறுத்திய லாரி.

ராமநாதபுரத்துக்கு மூன்று மணிக்குப் போய்விட்டோம். தாளில் நான்கு. ஒரு மணி நேரம் முன்னால் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். அண்ணனுக்காகக் காத்திருந்தோம். மூன்றரை. நான்கு. நான்கு மணிக்குத் தமிழாசிரியர் சொன்னார்: “தாள்ல நாலு மணின்னுதானய்யா இருக்கு. அவர் தாள்படி வர்றாரு.” எல்லோரும் சிரித்தோம். சிரித்தபிறகுதான் உறைத்தது. அது வேடிக்கை இல்லை, உள்ளபடியே அப்படித்தான். மானாமதுரைக்குப் பத்து ஐம்பது. பரமக்குடிக்கு ஒன்று பத்து. அந்த ராத்திரியில் என் திட்டத்தை நம்பி அதன்படி வண்டி ஓட்டியவர் ஆறு பேரில் அவர் ஒருவர்தான். நான் ஓட்டவில்லை.

நான்கரைக்கு ஓட்டு எடுத்தோம். நாங்கள் ஜனநாயகவாதிகள். திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றவன் ஒருவன். அவன் நான் அல்ல. இருட்டில் எங்கே தேடுவது, லாரி எதிலாவது ஏறி முன்னாலேயே போயிருப்பார், விடிந்துவிடும், சூரியோதயம் போய்விடும். நான் கடைசியாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் ஊர் சுற்றியவர், அவருக்குத் தெரியும் என்றேன். அவர் மதுரையைத் தாண்டியது அதிகமில்லை.

கடலைப் பார்த்தோம். பாக் விரிகுடாப் பக்கத்துக் கடலுக்கு மீனவர்கள் பெண் கடல் என்று பெயர் சொல்வார்கள். தேவிபட்டினத்தில் அலை என்று சொல்லத்தக்கது இல்லை, தண்ணீர் கரையில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். நூற்று முப்பது கிலோமீட்டர் மிதித்து வந்து கடல் சத்தம் கேட்கவில்லையே என்று ஏமாற்றமாக இருந்தது. சூரியன் வந்தது. ஒருவன் கவிதை சொன்னான். கோயில் பக்கம் ஒரு திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டோம்.

என்னை எழுப்பியது அண்ணன். மணி பத்து இருக்கும். குளித்து, தலை துவட்டி, நெற்றியில் திருநீறு. அப்பாவுக்குக் கொடுத்து முடித்துவிட்டு வந்திருந்தார். அவர் என்னிடம் முதலில் சொன்னது இது:

“தம்பி, அந்தப் பம்பக் குடுங்க. பின்சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு.”

பம்பு என் சைக்கிளில் இருந்தது. பாரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ஒட்டுத் துண்டு, ஸ்பானர், எல்லாம் என் பையில். கூட்டத்தின் முதல் சைக்கிளில். சத்திரக்குடிக்கு முந்தி அவருக்குப் பின்சக்கரத்து வால்வ் டியூப் கிழிந்து காற்று இறங்கிவிட்டது. பட்டாணி நீளத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டு. மாற்று ரப்பர் அவர் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார், இரண்டு. இருட்டில் தடவியே மாற்றியும்விட்டார். காற்றடிக்கப் பம்பு இல்லை. நின்றதும் விளக்கு அணைந்துவிட்டது. எங்கள் விளக்குகள் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கூப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்திரக்குடி வரை நடந்து, ஒரு சைக்கிள் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து கடை திறக்கும்வரை காத்திருந்து, காற்றடித்து, வாடைக்கு எதிரே மிதித்து வந்து சேர்ந்தார். இதையும் அவராகச் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ் கூரையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அடுத்த இதழுக்கு நான் கட்டுரை எழுதினேன். ஏழு பக்கம் என்று சொன்னேன் அல்லவா. இருள், எல்லையின்மை, மௌனம், சக்கரத்தின் லயம். அண்ணன்தான் கோத்தார். பாதியில் ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். “தம்பி, கேஸ்ல ‘ரு’ தீர்ந்துபோச்சு. இருட்டக் கொஞ்சம் கொறைங்க.” ஐந்தாறு இடத்தில் குறைத்தேன். கட்டுரைக்கு நல்லதுதான் ஆயிற்று.

புரூஃப் பார்க்கப் போனபோது கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ‘விடியலில் நாங்கள் ஆறு பேரும் ஒன்றாகக் கடலின் முன் நின்றோம்’ என்று ஒரு வரி. விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, எழுத்துப்பிழையா என்று சந்தேகம் வந்தால் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்:

“அஞ்சா, ஆறா தம்பி?”

நான் ஆறு என்றேன்.

“சரி” என்றார். அப்படியே அச்சாயிற்று.

அந்த வரியைச் சிலர் பாராட்டினார்கள். ‘ஒன்றாக’ என்ற சொல்லில் ஒரு கூட்டுப் பிரக்ஞை தொனிப்பதாக ஒருவர் கடிதமே எழுதினார். பத்திரிகை அதற்குப் பிறகு இரண்டு இதழ் வந்தது. ஆஃப்செட் வந்து அச்சகம் மூடியபின் அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஊர் தெரியும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போகவில்லை.

தங்கை மகள் கொடுத்த புத்தகம் ஒன்றில்தான் பிறகு படித்தேன், இதே சண்டையை வேறு ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே போட்டு முடித்திருக்கிறார்கள் என்று. 1897இல் இத்தாலியில் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரே பகலில் சைக்கிளில் போனவர்கள் தங்களை ‘ஆடாக்ஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள். துணிச்சல்காரர்கள் என்று பொருள். 1904இல் அது பிரான்சுக்கு வந்தது. அங்கே விதி: கூட்டமாகவே போகவேண்டும், முன்னால் ஒரு தலைவர் போவார், நிர்ணயித்த வேகம், அவரை யாரும் தாண்டக்கூடாது. 1921இல் பிளவு. ஒரு சாரார் அந்த விதியை வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அவரவர் வேகம் அவரவருக்கு என்ற முறையை உண்டாக்கினார்கள். இன்று நம் ஊரில் நடப்பது இந்த இரண்டாவது முறையின் சந்ததி.

இரண்டில் எது சரி என்று எனக்கு இப்போது ஓர் அபிப்பிராயம் உண்டு. எல்லோரிடமும் பம்பு இருந்தால் அவரவர் வேகம் நியாயம். ஒரே பம்புதான் என்றால் அது கடைசி சைக்கிளில் இருக்கவேண்டும், அந்தக் கடைசி சைக்கிளில் இருக்கிறவன் கூட்டத்திலேயே பலசாலியாக இருக்கவேண்டும். மெதுவாகப் போகிறவரை முன்னால் விடவேண்டும். அவர் பின்னால் வந்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கடைசியில் வருகிறார். அவர் வந்து உட்காரும்போது மற்றவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. அந்தப் பாதி டம்ளர் டீ அதுதான். சராசரி வேகத்தைக் கணக்கிடுவது எளிது. கூட்டத்துக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது, கடைசி ஆளின் வேகம்தான் உண்டு. இதையெல்லாம் தங்கை மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். கூடவே காற்று, பனி, கடலைமிட்டாய், இரண்டிலிருந்து நான்கு. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கு எதிரிலும் ‘எண்ணவும்’ என்று போட்டேன்.

அவள் படித்துவிட்டு, பெரியவர்களைப் புண்படுத்தாத ஒரு குரலில் சொன்னாள்: “மாமா, எல்லார்கிட்டயும் பம்ப் இருக்கு. லைட் பேட்டரில எரியுது, நின்னாலும் எரியும். யார் எங்க இருக்காங்கன்னு போன்லயே தெரியும்.” மதுரையிலிருந்து பரமக்குடி வரை இப்போது நாற்கரச் சாலை. பல ஊர்களைத் தொடாமலே ஒதுங்கிப் போகிறது, ஆகவே நான் எழுதிய டீக்கடைகளும் வழியில் வராது. எல்லாம் உண்மைதான். மெதுவாகப் போகிறவரை முன்னால் விடுவதை மட்டும் செய்து பார்க்கிறோம் என்றாள். புதியவர்களில் ஒரு பெண்ணுக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பழக்கமில்லையாம்.

அவர்கள் போன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வயதும் ஒரு காரணம். நாலே கால் மணிக்கு ராமநாதபுரத்திலிருந்து போனில் ஒரு படம் வந்தது. டீக்கடை, சாத்தி வைத்த சைக்கிள்கள், கையில் டம்ளரோடு பிள்ளைகள். எண்ணினேன். ஏழு பேர். மறுபடி எண்ணினேன். எட்டாவது ஆள் படம் எடுத்தவர் என்று புரிய எனக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகும் போன் போட்டுக் கேட்டேன்.